சிற்றுருவப் போர்வீரரின் கருவிழி: ஒரு முதற்கட்ட ஆராய்ச்சி

மேசைப் போர் விளையாட்டுக்கெனச் செய்யப்படும் சிற்றுருவங்களுக்கு, அதாவது ஆர்க், காப்ளின், எல்ஃப் முதலிய கற்பனை இனத்தாரின் விரலளவு உருவங்களுக்கு, வண்ணம் தீட்டும் கலையில் கவசம், மேலாடை, குதிரைச் சேணம் ஆகியவை பற்றிய ஐயங்கள் பெரும்பாலும் தீர்ந்துவிட்டன. தீராமல் நிற்பது கருவிழி ஒன்றே. 1975இல் லண்டனில் தொடங்கி இன்று நாட்டிங்காமில் தலைமையகம் கொண்டிருக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1983இல் வெளியிட்ட ‘வார்ஹேமர்’ விளையாட்டின் அடியார்களிடையே, வண்ணம் பூசாத படையைக் களமிறக்குவது குளிக்காமல் கல்யாணத்துக்குப் போவதற்கு நிகரான குற்றம். ஆனால் வண்ணம் பூசப்பட்ட படையிலும் பாதிப்பேர் திருட்டு முழி முழிப்பது ஏன் என்ற வினாவுக்கு உரிய கவனம் இதுவரை கிடைத்ததாகத் தெரியவில்லை.

முதலில் கணக்கு. இத்துறையில் 28 மி.மீ. என்பது பொதுவான அளவு. அது உச்சந்தலை வரையிலான உயரமா, கண் மட்டம் வரையிலானதா என்பதில் உற்பத்தியாளரிடையே இன்னும் ஒற்றுமை இல்லை. கண் மட்டம் என்றே கொண்டால், தரையிலிருந்து 160 செ.மீ. உயரத்தில் கண் அமைந்த மனிதர் ஏறத்தாழ 57 மடங்கு சுருக்கப்படுகிறார். ஆகவே 12 மி.மீ. அகலமுள்ள அவரது கருவிழி 0.2 மி.மீ.க்குச் சுருங்குகிறது. தலையையும் கைகளையும் வேண்டுமென்றே பெரிதாக்கி வார்க்கும் ‘ஹீரோயிக்’ மரபைக் கணக்கில் சேர்த்தாலும் அது 0.3 மி.மீ.யைத் தாண்டுவது அரிது. மறுபுறம், நல்ல பார்வை உள்ளவரின் கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரையே நுணுக்கங்களைப் பிரித்தறியும் என்பது கண் மருத்துவம் ஏற்ற அளவு. வண்ணம் தீட்டுவோர் தம் வேலையை மதிப்பிடக் கொள்ளும் மரபுத் தொலைவாகிய மூன்றடியில் அந்த எல்லை சுமார் 0.27 மி.மீ. ஆகிறது. இதிலிருந்து பெறப்படும் முடிவு கொடியது: சரியான அளவில் தீட்டிய கருவிழி கண்ணுக்கு எடுபடாது, எடுபடும் அளவில் தீட்டியது சரியாக இருக்காது. பேய் அறைந்தவர்போல் விழித்து நிற்கும் படைவீரர்களின் அச்சத்துக்குக் காரணம் எதிரிப் படையன்று, இந்த வகுத்தல் கணக்கே.

கருவியைக் குறை கூறுவோரும் உளர். மிகச் சிறிய தூரிகை வாங்கினால் மிகச் சிறிய புள்ளி வரும் என்று நம்பி ஏமாறாத தொடக்கநிலையாளர் அரியர். அத்தகைய தூரிகையின் நாலைந்து மயிர்கள் ஏந்தும் அக்ரிலிக் வண்ணம், நீரில் கரையும் விரைவிலேயே காயவும் கூடியதாதலால், தட்டிலிருந்து முகத்தை அடையும் முன் காய்ந்துவிடுகிறது. தூரிகை கண்ணைத் தொட்டும் ஒன்றும் பதியாமையால் தீட்டுபவர் சற்றே அழுத்த, காப்ளினுக்கு ஒன்றரைக்கண் வாய்க்கிறது. கோலின்ஸ்கி எனப்படும் சைபீரிய வீசலின் வால்முடியால் கட்டிய, வயிறு பருத்து நுனி கூர்ந்த நடுத்தரத் தூரிகையே இப்பணிக்கு ஏற்றது என்பது தேர்ந்தோர் துணிபு. அந்நுனியை நாவால் கூராக்கும் பழக்கமும் தேர்ந்தோரிடமே மிகுதி. அதை இக்கட்டுரை பரிந்துரைக்கவில்லை.

இச்சிக்கலை எதிர்கொள்வதில் மூன்று பள்ளிகள் காணப்படுகின்றன. கண்முதற் பள்ளியார், அடிப்பூச்சு உலர்ந்தவுடன் கண்குழியை வெள்ளையால் நிரப்பி, மேலிருந்து கீழாகக் கருங்கோடு ஒன்று இழுத்து, கண்ணைத் தாண்டி வழிந்த மையை எல்லாம் பின்னர் தோல் நிறத்தால் மூடிவிடுகின்றனர். புள்ளி வைப்பதைவிடக் கோடு இழுத்து அதன் இரு முனைகளையும் அழிப்பது எளிது என்னும் இக்கண்டுபிடிப்பு இத்துறையின் மெய்யான சாதனைகளுள் ஒன்று. நிழற் பள்ளியார் ‘வாஷ்’ எனப்படும் நீர்த்த பழுப்புச் சாயத்தை முகத்தில் ஓடவிட்டு, அது பள்ளங்களில் தேங்கிக் கண்குழியை இருட்டாக்கியதும் கடமை முடிந்ததெனக் கைகழுவுவர். தலைக்கவசப் பள்ளியார் முகம் மூடிய வீரரை மட்டுமே வாங்குவர். இவர்களை அறிஞர் என்பதா, கோழையர் என்பதா என்பது விவாதத்துக்குரியது.

1987இல் தொடங்கிய ‘கோல்டன் டீமன்’ போட்டியில் தலைசிறந்த படைப்புக்கு ஒரு வாளே பரிசாகக் கிடைப்பதாலும், நடுவர்கள் உருவத்தை நெருங்கி நோக்குவதாலும், அங்கே கருவிழிக்கு மதிப்புண்டு. ஆட்டக்களத்தின் நிலை வேறு. ‘வார்ஹேமர் 40,000’ என்னும் உடன்பிறப்பு விளையாட்டின் 2020ஆம் ஆண்டு விதிகள், வண்ணம் பூசிய படைக்கு 100இல் 10 புள்ளிகள் வழங்கின. முக்கியப் பகுதிகளில் நிறமும் பீடத்தில் சிறிது ஒப்பனையும் இருந்தால் போதும், மாறுகண்ணுக்கு அபராதம் எதுவும் இல்லை.

எஞ்சியிருப்பது, இக்கண்களை யார் காண்கிறார் என்ற வினா. படை எதிரியை நோக்கியே அணிவகுப்பதால், இரவெல்லாம் விழித்துக் கண் தீட்டியவருக்கு ஆட்டம் முழுவதும் வாய்ப்பது தம் வீரர்களின் முதுகுத் தரிசனமே. பின்வரிசையார் முகமோ முன்வரிசையார் தலைகளால் மறைக்கப்படுவதால் யாருக்கும் கிட்டுவதில்லை. காணும் பேறு பெற்ற ஒரே மனிதராகிய எதிராளி, நான்கடி அகல மேசைக்கு அப்பால் நின்று, அளவுநாடாவையும் தாயக்கட்டைகளையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.