கோவைக்குக் குடிபோகலாமா?

இந்த வாரக் கேள்விகள் வெண்ணந்தூர்ப் பக்கத்திலிருந்து. எல்லாமே முதுமைக்கால வீட்டைப் பற்றியவை.

ஓய்வுபெற்ற ஆசிரியர், வெண்ணந்தூர்: முதியோர் இல்லம், முதியோர் குடியிருப்பு, இரண்டும் ஒன்றுதானே?

இல்லத்தில் உங்களைச் சேர்ப்பார்கள். குடியிருப்புக்கு நீங்களே வீடு பார்த்துப் போவீர்கள். கோவையில் நானா நானி, கோவைகேர் போன்ற பெயர்களில் வந்திருப்பவை இரண்டாம் வகை. தனி வீடு, சாவி உங்கள் கையில். பொதுச் சாப்பாட்டுக் கூடம், வீடு கூட்டித் துடைக்க ஆள், குளியலறையில் கைப்பிடி, விழுந்தால் அடிக்க ஓர் அழைப்பு மணி. இத்தனைக்கும் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம்.

இல்லத்தரசி, அத்தனூர்: எனக்கு 64, வீட்டுக்காரருக்கு 70. அங்கே போனால் எங்களுக்கு என்ன மிச்சம்?

உங்கள் முழங்கால். வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருப்பார். உங்களுக்கு யாரும் ஓய்வு கொடுத்திருக்க மாட்டார்கள். மூன்று வேளைச் சமையல், மோட்டார் போடுவது, தண்ணீர் பிடிப்பது, வேலைக்கு வராத ஆளுக்குப் போன் அடிப்பது எல்லாம் 64 வயதிலும் உங்கள் தலையில்தான். இந்தக் குடியிருப்புகளின் பெரிய நன்மை நூலகமோ நடைபாதையோ இல்லை. ஒரு பெண் நாற்பது வருடம் கழித்து அடுப்பை விட்டு நகர முடிகிறது என்பதுதான். குடும்பத்தில் முடிவெடுக்கும் ஆண்கள் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

வாசகர், ராசிபுரம்: ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழிக் குழம்பு கிடைக்குமா?

பல இடங்களில் சைவம் மட்டும்தான். சொந்தச் சமையலறையிலாவது செய்துகொள்ள விடுவார்களா என்று கேட்ட பிறகு முன்பணம் கொடுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். எழுபது வருடம் பழகிய சாப்பாட்டை ஒரே நாளில் விட்டவர்கள் அரை வயிறோடு எழுந்து போவார்கள். உடம்பு அங்கேதான் இளைக்கத் தொடங்கும்.

தறிக்காரர், வெண்ணந்தூர்: தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவன் நான். அங்கே ஒரே அமைதி என்கிறார்கள். பொழுது போகுமா?

போகாமலும் இருக்கலாம். அங்கே இருப்பவர்களில் பலர் வங்கி, பள்ளி, அரசு அலுவலகம் என்று சம்பளத்தில் வாழ்ந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்கள். பேச்சும் அதையொட்டியே இருக்கும். நூல் விலையைப் பற்றிப் பேச உங்களுக்கு ஆள் கிடைப்பது கஷ்டம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதியவர்களுக்கென்றே ஓர் ஊரைக் கட்டும் யோசனைக்குப் பெரிய முன்னோடி அமெரிக்காவில் அரிசோனாவின் சன் சிட்டி. 1960 ஜனவரியில் திறந்தார்கள். குழந்தைகள் அங்கே குடியிருக்க முடியாது. அதனால் இரைச்சல் இல்லை, தெருவில் விளையாட்டும் இல்லை. எல்லோரும் ஒரே வயது என்றால் துக்கமும் அடிக்கடி வரும். இரவு பேசிக்கொண்டிருந்தவர் காலையில் இல்லை என்பதைத் திரும்பத் திரும்பத் தாங்க வேண்டும். சிலருக்கு அதுவே ஒரு தெளிவைத் தருகிறது, சிலரை நொறுக்கிவிடுகிறது. விருந்தினர் அறையில் ஒரு மாதம் தங்கிப் பாருங்கள். நோம்பி நாளில் போக வேண்டாம். சாதாரணச் செவ்வாய்க்கிழமை மாலை எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

மருமகள், ஆட்டையாம்பட்டி: அத்தையை அனுப்பலாமா?

அத்தை கேட்டாரா? கேட்டிருந்தால் கூடவே போய் இடம் பாருங்கள். கேட்கவில்லை என்றால் ‘அனுப்புவது’ என்ற பேச்சே வேண்டாம்.

வாசகர், வெண்ணந்தூர்: ஊர் என்ன பேசும்?

ஒரு வாரம் பேசும். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படியே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் 60 வயதைத் தாண்டியவர். இப்போது அந்தப் பங்கு இன்னும் கூடியிருக்கிறது. பேசுகிறவர் வீட்டிலும் இந்தக் கேள்வி வந்துவிட்டது.

ஓய்வுபெற்ற அரசு ஊழியர், வெண்ணந்தூர்: மகன் வெளிநாட்டில். ‘இங்கே இருக்கிற வீட்டை விற்றுக் கோவையில் வாங்கிக்கொள்ளுங்கள் அப்பா’ என்கிறான். செய்யலாமா?

விற்பதைக் கடைசியில் வையுங்கள். முதலில் வாடகைக்குப் போங்கள். சொந்தமாக வாங்குவது, பெரிய வைப்புத்தொகை கட்டி இருப்பது, வாடகைக்கு இருப்பது என்று மூன்று வழி உண்டு. ஒரு வருடம் வாடகைக்கு இருந்தால் கோடை, மழை, காய்ச்சல், சமையல்காரர் மாறிய மாதம் எல்லாம் பார்த்துவிடலாம். பிடிக்கவில்லையென்றால் பவானி, சங்ககிரி வழியாகத் திரும்பி வர உங்களுக்கு ஒரு வீடு இருக்கும்.

வாங்கியே தீருவது என்றால் காகிதத்தைப் படியுங்கள். 2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி தமிழ்நாட்டு ஆணையத்தில் பதிவான திட்டமா? மனையில் உங்கள் பிரிபடாப் பங்கு எவ்வளவு? பல இடங்களில் 55 வயதுக்குக் குறைந்தவர் குடியிருக்க முடியாது. வீடு மகனுக்கு வந்து சேரும், அவனால் அதில் வாழ முடியாது. விற்கப் போனாலும் வயதானவர்களுக்குத்தான் விற்க வேண்டும். வாங்குவோர் குறைவு, விலையும் அதற்கேற்பத்தான்.

அடுத்தது மாதச் செலவு. கட்டணம் வருடா வருடம் ஏறும், உங்கள் வங்கி வட்டி ஏறாது. சங்கத்துக்குக் கட்டும் பராமரிப்பு மாதம் 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரலாம். சாப்பாடு தனியா, சேர்த்தா? இருவரில் ஒருவர் போய்விட்டால் கட்டணம் எவ்வளவு குறையும்? கட்டியவர் ஒருவர், சேவை நடத்துபவர் இன்னொருவர் என்றால், நடத்துபவர் விலகும் நாளில் சமையலுக்கு யார் பொறுப்பு? இந்த மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். வாயால் சொன்னதை யாரிடம் போய்க் காட்டுவீர்கள்?

அதே வாசகர்: ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்றால்?

“நான் படுக்கையில் விழுந்தால் என்னை எங்கே வைப்பீர்கள்?”

விளம்பரங்களில் எல்லாப் படங்களிலும் முதியவர்கள் நடக்கிறார்கள். பெரும்பாலான வீடுகள் தன் வேலையைத் தானே செய்துகொள்கிறவர்களுக்கென்று கட்டியவை. பக்கவாதம் வந்தால், இடுப்பெலும்பு முறிந்தால், மறதி நோயால் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டால், சில இடங்களில் தனிப் பராமரிப்புப் பகுதிக்கு மாற்றுவார்கள். செலவு பல மடங்காகும். சில இடங்களில் “பிள்ளைகளை வரச் சொல்லுங்கள்” என்பார்கள். நாம் குடிபோவதே அந்த நாளை நினைத்துத்தான். அந்த நாளில் கைவிடும் இடம், நடக்கிற வயதில் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

வாசகர், வெண்ணந்தூர்: சொத்தை மகன் பேருக்கு எழுதிவிட்டேன். இப்போது மாதக் கட்டணம் கட்ட மறுக்கிறான். வழி உண்டா?

உண்டு. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. அதன் 23-ஆம் பிரிவின்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்யக் கேட்கலாம். சட்டம் வந்த பிறகு எழுதிய பத்திரமாக இருக்க வேண்டும். நிபந்தனையை நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொன்னது. சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் சொன்னது. நாமக்கல் கோட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகையும் கேட்கலாம். முதியோர் உதவி எண் 14567. இன்னும் எழுதிக் கொடுக்காதவர்கள் தயவுசெய்து உயிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சுயஉதவிக் குழு உறுப்பினர், வெண்ணந்தூர்: ஊரை விட்டுப் போகாமலே இந்த வசதிகள் கிடைக்காதா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பீக்கன் ஹில் பகுதிக்காரர்கள் 2000-களின் தொடக்கத்தில் இதைச் செய்துகாட்டினார்கள். யாரும் வீடு மாறவில்லை. ஆண்டுச் சந்தா கட்டிச் சங்கமானார்கள். மருத்துவமனைக்கு வண்டி, குழாய் ரிப்பேர், கடைக்குத் துணை என்று எதுவானாலும் சங்கத்துக்கு ஒரு போன். பிறகு வேறு ஊர்களும் பின்பற்றின.

குழு நடத்தத் தெரிந்த உங்களுக்கு இது கைவராத வேலை இல்லை. ஒரே தெருவில் ஆறு வீடு சேர்ந்தால் ஒரு சமையல்காரம்மாவுக்கு முழுச் சம்பளம் கொடுக்கலாம். தெரிந்த ஓர் ஆட்டோக்காரரை மாதக் கணக்கில் பேசி வைக்கலாம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்கு 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வருமானம் பார்க்காமல் 5 லட்சம் ரூபாய் வரை தரும் ஆயுஷ்மான் காப்பீட்டை மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. நம் பக்கத்தில் அட்டை கொடுக்கிறார்களா என்று விசாரித்து, எடுக்காதவர்களை நீங்களே கூட்டிப் போங்கள். நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சேலத்திலும் இருக்கிறது. இரவில் விழுந்தவரைத் தூக்க ஆள் வேண்டும் என்பது மட்டும் பாக்கி. அதற்கும் முறை போட்டுக்கொள்ளலாம்.

வாசகர், மல்லூர்: எந்த வயதில் முடிவெடுப்பது?

இருவரும் மாடிப்படி ஏறுகிறபோதே. கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். அவர்கள் எத்தனை நாள் தங்கலாம், தங்கினால் எவ்வளவு கட்டணம் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.