பேரிடி: நாலடுக்கு க்யூபை முன்வைத்து ஓர் ஆய்வு

தோற்றுவாய்

மூன்றடுக்கு ரூபிக்ஸ் க்யூபைச் சேர்க்கத் தெரிந்த பிள்ளைகள் இன்று தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். சேர்க்கத் தெரிந்த மாமாக்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. இத்துறையிலுள்ள அந்த இடைவெளியை நிரப்பும் பொருட்டு, இவ்வாய்வாளர் தம் நாற்பத்தொன்பதாம் வயதில், ஒரு கோடை விடுமுறையில், பதினோரு நாள் உழைத்து அதைக் கற்றார். பதினோராம் நாள் மாலை வீட்டில் கேசரி கிண்டினார்கள். பன்னிரண்டாம் நாள் காலை, அக்கா மகள் தன் பையிலிருந்து நாலடுக்கு க்யூப் ஒன்றை எடுத்து, கலைத்து, காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். "இதையும் ஒரு கை பாருங்க மாமா."

ஏழாம் வகுப்பு படிக்கும் அந்தப் பெண்ணே இவ்வாய்வின் நெறியாளர். ஆய்வேட்டைப் படிக்காமலே கையெழுத்துப் போடும் நெறியாளர்கள் உண்டு என்று கேள்வி. இவர் அந்த வகை அல்லர். திருப்பு ஒன்று தவறினால் க்யூபைக் கையிலிருந்தே பிடுங்கிவிடுவார்.

ஆய்வு எல்லை

நாலடுக்கு முதல் ஏழடுக்கு வரை. இரண்டடுக்கைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை என்று நெறியாளர் சொல்லிவிட்டார்.

முன்னோர் ஆய்வுகள்

1974-இல் புடாபெஸ்ட் நகரில் கட்டடக்கலை ஆசிரியர் எர்னோ ரூபிக் மூன்றடுக்கைச் செய்தார். செய்து, கலைத்து, மறுபடி சேர்க்க அவருக்கே ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. இந்தச் செய்தியை ஆய்வாளர் தமக்குச் சாதகமான சான்றாக முன்வைத்தபோது, "அவருக்குச் சொல்லித்தர ஆள் இல்ல மாமா, உங்களுக்குத்தான் நான் இருக்கேன்ல" என்று நெறியாளர் மறுத்தார். மறுப்பு ஏற்கப்பட்டது.

நாலடுக்கு, ஹங்கேரியரான பேட்டர் செபெஷ்டேனியின் கைவேலை. முதலில் அவர் பேரிலேயே அழைக்கப்பட இருந்து, கடைக்கு வரும்போது 'ரூபிக்ஸ் ரிவெஞ்ச்' ஆயிற்று. ரிவெஞ்ச் என்றால் பழிவாங்கல். ரூபிக் யாரைப் பழிவாங்கினார் என்பது மூன்றாம் நாள் இரவு பதினொன்றரை மணிக்கு ஆய்வாளருக்கு விளங்கியது. ஐந்தடுக்கை 1981-இல் உடோ கிரெல் கண்டார். ஆறும் ஏழும் கிரேக்கரான பனயோட்டிஸ் வெர்டெஸின் உபயம்; விற்பனைக்கு வந்தது 2008-இல்.

இடையில் இத்தனை ஆண்டுகள் போனதற்கு வடிவியல் காரணம் ஒன்று உண்டு. எல்லா அடுக்கும் ஒரே பருமனாக இருக்கும் ஏழடுக்கு க்யூப் உலகத்தில் சாத்தியமே இல்லை. மேலடுக்கைப் பாதி வழி திருப்பி நிறுத்தினால் மூலைக்கட்டை முழுதாக வெளியே போய்விடும். அதைக் கீழிருந்து பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. ஆறு வரைக்கும் எப்படியோ தொற்றிக்கொண்டிருக்கும். ஏழில் பொத்தென்று விழும். அதனால் வெர்டெஸ் தம் ஏழடுக்கின் முகங்களைத் தலையணைபோல உப்ப வைத்தார். இன்று தட்டையாக வருபவற்றில் வெளியடுக்கு மட்டும் கொஞ்சம் தடிமன். நம்பாதவர்கள் அளவுகோல் வைத்துப் பார்க்கலாம், நான் பார்த்தேன்.

கருதுகோள்

மூன்றடுக்கைக் கலைத்து வைக்கக்கூடிய விதங்கள் 4 லட்சத்து 32 ஆயிரத்து 520 கோடி கோடிக்குச் சற்று மேலே. எழுதினால் 20 இலக்கம். நாலடுக்குக்கு 46 இலக்கம், ஐந்தடுக்குக்கு 75, ஏழடுக்குக்கு 161. இந்த எண்களைக் கண்டு பயந்து பின்வாங்கிய பெரியவர்கள் பலர். நெறியாளர் பயப்படவில்லை. அவருடைய கொள்கையை அவர் வாக்கிலேயே தருவதானால்: "பெருசுன்னு ஒண்ணு கிடையாது மாமா. எல்லாத்தையும் மூணடுக்கா ஆக்கிட்டா முடிஞ்சுது."

அதாவது நாலடுக்குக்கு மூன்றடுக்கு வேஷம் கட்டி மேடையேற்றுவது. ஒவ்வொரு முகத்திலும் நடுவில் இருக்கும் நாலு கட்டைகளை ஒரே நிறமாக்கி, அந்த நாலையும் ஒரே நடுக்கட்டை என்று பாவித்துக்கொள்ள வேண்டும். ஓரங்களில் இருக்கும் 24 கட்டைகளை ஜோடி ஜோடியாகச் சேர்த்து 12 ஓரங்கள் என்று பாவிக்க வேண்டும். அதன்பின் உள்ளடுக்குகளைத் தொடக்கூடாது. வெளியடுக்குகளை மட்டும் திருப்பி, பதினோரு நாள் கற்ற பழைய வித்தையைக் காட்டி முடித்துவிடலாம்.

சுருங்கச் சொன்னால் 56 கட்டைகளை 26 என்று நம்பவைப்பது. நம்பவேண்டியது யார், க்யூபா நாமா என்பதுதான் இவ்வாய்வின் மையக் கேள்வி.

களப்பணி

முதல் முயற்சியில் நடுக்களைச் சேர்க்க இரண்டு நாள், ஜோடி சேர்க்க மூன்று நாள். பல வீடுகளில் வரன் பார்க்க இதைவிடக் குறைந்த நாளே ஆகியிருக்கிறது. ஆறாம் நாள் மூன்றடுக்கு வித்தை தொடங்கிற்று. வெள்ளையும் பச்சையும் சிவப்பும் உள்ள மூலைக்கட்டையை எடுத்து அதன் இடத்தில் வைத்தால், வெள்ளை சரியாக உட்கார்ந்தது. பச்சையும் சிவப்பும் இடம் மாறி நின்றன. திருப்பி வைத்தால் வெள்ளை எங்கோ போயிற்று. அரை மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகு நெறியாளர் அழைக்கப்பட்டார். அவர் க்யூபை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சிவப்பும் ஆரஞ்சும் எதிரும் புதிருமா மாறியிருக்கு மாமா, முதல்லேருந்து பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார்.

விளக்கம் வருமாறு. மூன்றடுக்கில் நடுக்கட்டைகள் ஆறும் உள்ளிருக்கும் அச்சில் திருகப்பட்டவை. நிறங்களின் ஒழுங்கை அவை நமக்காக நினைவில் வைத்திருக்கும். நாலடுக்கில் அப்படி நிலையான நடு எதுவும் கிடையாது. எந்த நிறம் எந்த நிறத்துக்கு அடுத்த வீடு என்பதை நாமே நினைவில் வைத்திருந்து கட்ட வேண்டும். இதற்கு நெறியாளர் அருளிய வாய்ப்பாடு: வெள்ளை தலைக்கு மேலே, பச்சை மூக்குக்கு நேரே, சிவப்பு சோத்துக்கைப் பக்கம். அப்போது மஞ்சள் காலடியில், நீலம் முதுகுக்குப் பின்னால். ஆரஞ்சு எந்தக் கைப்பக்கம் என்பதை ஆய்வேட்டில் எழுத முடியாது, வாசகர் அறிவார்.

பேரிடி

இனி மையப் பொருளுக்கு வருவோம். க்யூப் சேர்ப்போர் வழக்கில் 'பேரிட்டி' என்று ஒரு சொல் உண்டு. இதை ஆங்கிலச் சொல் என்பர் விவரம் தெரிந்தோர். இவ்வாய்வாளர் உடன்படவில்லை. பேர் + இடி = பேரிடி. வீடு வீட்டு என்றும் காடு காட்டு என்றும் டகரம் இரட்டிக்கும் மொழியில், பேரிடி பேரிட்டியாக எத்தனை நேரம் ஆகும்? ஐயமுள்ளவர்கள், ஒன்றரை மணி நேரம் உழைத்துக் கடைசி நிமிடத்தில் அதைச் சந்தித்த ஒருவரின் முகத்தைப் பார்க்கவும். இடி விழுந்த மரத்துக்கும் அதற்கும் வேறுபாடு காண்பது கடினம்.

இது இரு வகைப்படும். முதல் வகையில், எல்லாம் சேர்ந்து மேல்தளத்தில் ஒரே ஓரம் மட்டும் தலைகீழாக நிற்கும். இரண்டாம் வகையில், எல்லாம் சேர்ந்து இரண்டு ஓரங்கள் மட்டும் இடம் மாறி நிற்கும். மூன்றடுக்கில் இந்த இரண்டும் நடக்கவே நடக்காது; அங்கே தலைகீழான ஓரங்கள் எப்போதும் இரட்டைப்படையில்தான் வரும். ஆகவே மூன்றடுக்கு வித்தையில் இதற்கு மருந்தே கிடையாது.

ஏன் இப்படி? சிறுவயதில் புளியங்கொட்டையைக் கைக்குள் மூடி 'ஒத்தையா ரெட்டையா' கேட்ட விளையாட்டுத்தான். உள்ளடுக்கை ஒரு கால்சுற்று திருப்பினால் நாலு ஓரக்கட்டைகள் இடம் மாறுகின்றன. கலைத்தவரும் சேர்த்தவருமாக அப்படி மொத்தம் எத்தனை கால்சுற்று திருப்பினார்கள், ஒத்தையா ரெட்டையா? ரெட்டை என்றால் தப்பித்தோம். ஒத்தை என்றால் முதல் வகை இடி. மூடிய கை கடைசியில்தான் திறக்கும். இரண்டாம் வகை இன்னும் நுட்பமானது. இங்கே ஓரம் ஒவ்வொன்றும் ஜோடி சேர்த்த இரட்டைப் பிள்ளைகள் போல. இரண்டு ஓரங்கள் இடம் மாறினால் மாறுவது நாலு கட்டைகள்; ஒத்தை ரெட்டைக் கணக்கில் அது ரெட்டை. ஆகவே கணக்கு அதைத் தடுப்பதில்லை. ஐந்தடுக்கில் அசையாத நடுவும் ஓரத்துக்கு ஓர் ஒற்றை நடுக்கட்டையும் இருப்பதால் இந்த இரண்டாம் வகைக்கு அங்கே இடமில்லை; ஆறடுக்கில் மறுபடி உண்டு.

ஒவ்வொன்றும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆக, நாலு முறை சேர்த்தால் சராசரியாக மூன்று முறை ஏதாவதொரு இடி விழும். இதைத்தான் வேஷம் கலைதல் என்று இவ்வாய்வு குறிப்பிடுகிறது. நாலடுக்கு ஒருபோதும் தன்னை மூன்றடுக்கு என்று நம்பவில்லை. நாம்தான் நம்பினோம். கூத்து முடியும் தறுவாயில் அது கிரீடத்தைக் கழற்றிக் கையில் கொடுக்கிறது.

பரிகாரம் உண்டு. இரண்டாம் வகைக்கு ஆறே திருப்பு. முதல் வகைக்கு 17 திருப்பு. அவற்றில் ஒன்றுவிட்டு ஒன்றாக எட்டு முறை மேல்தளம் அரைச்சுற்று போகும், மீதி ஒன்பது முறை பக்கத்து ஈரடுக்கு முன்னும் பின்னும் போகும். இதை ஆய்வாளர் 'ஃபார்முலா' என்பார், நெறியாளர் 'அல்காரிதம்' என்று திருத்துவார். பதினொன்றாவது திருப்பில் தவறினால், சேர்த்தது அத்தனையும் கண்ணெதிரே கரைந்துபோகும். மனப்பாடம் செய்ய ஒரே வழி, ராகம் போட்டு முணுமுணுப்பது. "வலது, மேல் ரெண்டு, வலது, மேல் ரெண்டு" என்று விடியற்காலையில் கேட்ட ஆய்வாளரின் தாயார், மகனுக்கு ஒருவழியாகப் பக்தி வந்துவிட்டது என்று எண்ணி விபூதித் தட்டை நீட்டினார். அதுவும் வீணாகவில்லை; அன்றைக்குத்தான் முதல்முறை நாலடுக்கு சேர்ந்தது.

மூன்றாம் வகைப் பேரிடி (இவ்வியல் திரும்பப் பெறப்பட்டது)

இங்கே ஆய்வு நடையைக் கொஞ்சம் தள்ளிவைக்கிறேன். சேர்ந்த க்யூபை ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்தேன். சில நாள் கழித்து அதைக் கலைத்து மறுபடி சேர்த்தபோது எல்லாம் முடிந்து ஒரே ஒரு மூலை மட்டும் திருகிக்கொண்டு நின்றது. மூலையைச் சரியாக்கும் திருப்புகளைப் போட்டேன். மூலை சரியாயிற்று, கீழ்த்தளம் கலைந்தே கிடந்தது. கீழ்த்தளத்தைச் சரியாக்கினால் மூலை திருகிக்கொண்டது. கலைத்து மறுபடி சேர்த்தேன். மறுபடியும் ஒரே மூலை. எந்தப் புத்தகத்திலும் இல்லாத மூன்றாம் வகை என்று முடிவுகட்டி, பதினெட்டுப் பக்கம் எழுதினேன். இலக்கணம், உட்பிரிவு, அட்டவணை எல்லாம் தயார். அதற்கு என் பேரை வைக்கலாமா, அடக்கம் கருதி ஊர் பேரை வைக்கலாமா என்ற யோசனையும் ஓடியது.

நெறியாளர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். க்யூபைப் பார்த்தார். அந்த மூலையைக் கட்டைவிரலால் பிடித்து, திருகாணியைத் திருகுவது போல ஒரு திருகு திருகினார். க்யூப் சேர்ந்துவிட்டது.

"யாரோ மூலையைப் பிடிச்சுத் திருகி விட்டிருக்காங்க மாமா. அப்படித் திருகினா என்ன பண்ணாலும் சேராது."

விசாரணையில், நடுவில் ஒருநாள் மத்தியானம் வந்துபோன என் மச்சினன் ஒப்புக்கொண்டார். "சும்மா பார்த்தேன் அத்தான். கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு, அழுத்தித் திருப்பினேன்." பதினெட்டுப் பக்கமும் இப்போது மளிகைச் சீட்டு எழுதப் பின்பக்கம் பயன்படுகிறது.

ஏழடுக்கு

புதிதாகக் கற்க அதிகமில்லை, எண்ணிக்கைதான் கூடுகிறது. 218 கட்டை, ஒரு முகத்துக்கு 25 நடு. போட்டிகளில் இதைக் கலைக்கவே 100 திருப்பு. வெள்ளை முகத்தின் நடு 25-ம் சேர எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. கண்ணாடி பவர் மாற்ற வேண்டியிருப்பதால், ஆரஞ்சு எது சிவப்பு எது என்பதை ராத்திரியில் பார்ப்பதில்லை.

இப்போது அது ஃபிரிட்ஜ் மேல்தான் இருக்கிறது. நாலு முகத்தின் நடு முடிந்து, இரண்டு பாக்கி. மச்சினன் ஆடிக் கிருத்திகைக்கு வருகிறார். அவருக்கும், எங்கள் வீட்டுக்கு வர எண்ணமுள்ள மற்ற எல்லாருக்கும் இதன்மூலம் தெரிவித்துக்கொள்வது: காப்பி உண்டு, முறுக்கு உண்டு, கேட்டால் நெறியாளரே வந்து விளக்குவார். தயவுசெய்து கையில் மட்டும் எடுக்காதீர்கள்.