மாரியும் மாஸ்டரின் கடதாசிப்பூவும்

கடதாசிப்பூ என்கிற போகன்வில்லா போன்சாயைக் குளிர்காலத்தில் பராமரிப்பது எப்படி என்று புத்தகம் எழுதியவர்கள் பெரும்பாலும் பனி பெய்கிற ஊர்க்காரர்கள். இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே போனால் சட்டியை வீட்டுக்குள் எடு, தண்ணீரைக் குறை என்று உபதேசிப்பார்கள். கந்தளாயில் மார்கழி விடியற்காலைக் குளிர் வழக்கமாக 22 பாகையளவில் வந்து நின்றுவிடும். அந்த 22க்கே கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு முற்றத்துக்கு வருபவர், அங்கே கடதாசிப்பூ போன்சாய் வளர்க்கிற ஓய்வுபெற்ற கணக்கு மாஸ்டர் ஒருவர். 10 பாகை வந்தால் முதலில் வீட்டுக்குள் எடுக்கவேண்டியது அவரைத்தான்.

இங்கே குளிர்காலம் என்றால் மாரி. ஐப்பசியில் பிடிக்கிற வடகீழ்ப் பருவமழை தைவரை இழுக்கும்; திருகோணமலை மாவட்டத்தின் ஆண்டு மழையில் பெரும்பங்கு அந்த மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். ஆழமில்லாத சட்டியில் அந்தத் தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சுமுட்டி அழுகும், இலை மஞ்சளாகி உதிரும். அதைக் கண்டு, "பாவம், தண்ணி காணாதாக்கும்" என்று இரக்கப்பட்டு இன்னொரு செம்பு ஊற்றுகிறவர்களால் செத்த கடதாசிப்பூக்கள்தான் அதிகம்.

மாஸ்டருக்கு ஊரும் ஒத்துழைக்கவில்லை. கந்தளாய்க் குளத்தை 7ஆம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி கட்டினான் என்பார்கள். குளக்கோட்டன் கட்டினான் என்பது தமிழ் மரபு. யார் கட்டியிருந்தால் என்ன, மழையை மறித்துச் சேர்த்து வைப்பதிலேயே வாழ்கிற ஊர் இது. இங்கே ஒருவர் தண்ணீர் வடிவதற்காக மெனக்கெட்டால் பார்க்கிறவர்களுக்குப் பொறுக்குமா?

"மாஸ்டர், குளம் நிரம்பவேணும் எண்டு நாங்க துஆ கேக்கிறம். நீங்க என்னடாண்டா மழை இருட்டினதும் சட்டியத் தூக்கிக்கொண்டு ஓடுறீங்க" என்றார், வயல் செய்கிற பக்கத்து வீட்டு நானா.

அது தயிர்ச்சட்டி. வீதியோரக் கடையில் எருமைத் தயிரோடு வந்தது. அடியில் ஆணியை வைத்து மெல்லத் தட்டி ஓட்டை போடவேண்டும். ஒரு தட்டுக் கூடினால் சட்டி பிளந்துவிடும். பிளந்த ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு சட்டித் தயிர் வாங்க நேர்ந்ததை மாஸ்டர் நட்டமாகக் கருதவில்லை. உள்ளே நொறுக்கிய செங்கல், ஆற்றுமணல், கொஞ்சம் தும்புத்தூள். வயல் களிமண்ணுக்கு அனுமதியில்லை. அடைமழை இரவுகளில் சட்டியின் ஒரு பக்கத்துக்கு அரைச் செங்கல் முட்டுக்கொடுத்துச் சரித்து வைப்பார். தண்ணீர் தாழ்ந்த பக்கத்தால் வடிந்துவிடும். போன்சாய்க்காரர்கள் உலகெங்கும் செய்கிற காரியம் இது. ஆனால் வீட்டுக்கு வருகிற உறவுக்காரர் ஒவ்வொருவரும் அதை நிமிர்த்தி வைத்துவிட்டு, உதவி செய்த திருப்தியோடு தேத்தண்ணி குடிப்பார்கள்.

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோது செடி சாமியறைக்கு இடம்பெயர்ந்தது. "இஞ்சாருங்கோ, கூரைத் தகரத்தைப் பாக்காமல் இதைத் தூக்கிக்கொண்டு திரியிறியள். வாசமும் இல்லை, சாமிக்கும் ஆகாது" என்றார் வீட்டுக்காரம்மா.

அவர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. ஊதாவும் சிவப்புமாக நாம் பூ என்று வியப்பது நிறம் மாறிய இலைகளை. உண்மையான பூ, அந்த மூன்று இலைகளுக்கு நடுவே குச்சிபோல நிற்கிற வெள்ளைப் பொட்டு. 1767இல் பிரெஞ்சுக் கடலோடி பூகன்வில்லின் கப்பல்கள் றியோ டி ஜெனெய்ரோவில் தங்கியபோது இந்தச் செடியைச் சேகரித்தவர் தாவரவியலாளர் கொமேர்சன். அவருடைய உதவியாளர் ஜான் பாரே ஆண் வேடத்தில் கப்பலேறிய பெண். பூ வேடம் போட்ட இலையைத் தேடிப்போன கூட்டத்தில் அப்படியொருவர் இருந்தது பொருத்தந்தான்.

கடதாசிப்பூ பூப்பதற்கு இரண்டு விஷயம் உதவும்: குறுகிய பகலும் கொஞ்சம் தாகமும். டிசம்பரில் கந்தளாயின் பகல் ஏறக்குறைய 11 மணி 40 நிமிடமாகச் சுருங்கிவிடும். தாகத்தைத்தான் மழை கெடுக்கிறது. யூரியாவும் எதிரி, தழைச்சத்துக் கூடினால் இலைதான் தழைக்கும். 2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்து வயற்காரர்கள் தலையில் கைவைத்திருந்தபோது, நானா வீட்டு மிச்ச யூரியா வேலிக்கு மேலால் வருவது நின்றது. நாட்டில் அந்தத் தடையால் நன்மை கண்டது அநேகமாக இந்த ஒரு சட்டிதான்.

ஒரு மாசி மாதம், மழை ஓய்ந்தபின், மாஸ்டர் குடும்பத்தோடு மகள் வீட்டுக்குப் போனார். தண்ணீர் ஊற்றும் பொறுப்பு நானாவுக்கு. திரும்பி வந்து பார்த்தால் மண் காய்ந்து கிடக்கிறது. இலை பாதி கொட்டிவிட்டது. கொப்பெல்லாம் ஒரே ஊதா.

"நாள் தவறாம ஊத்தினன் மாஸ்டர்" என்றார் நானா, கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு.

மாஸ்டர் காய்ந்த மண்ணையும் பார்த்தார், நானாவையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை மகள் வீட்டுக்குப் போகும்போதும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தார்.