ஹாய்வான் கணவாயும் ஹனோய் வீதிகளும்

கேள்வி: வியட்நாமில் ஹுவேயிலிருந்து டா நாங்குக்குக் காரில் போகிறோம். சுரங்கப்பாதை உசிதமா, மலைப்பாதை உசிதமா?

பதில்: 2005-இல் திறக்கப்பட்ட சுரங்கப்பாதை காலத்தை மிச்சப்படுத்தும், ஆனால் அப்படி மிச்சமாகும் காலத்தைச் செலவிடத் தகுந்த இடம் அந்த மலைப்பாதையே ஆகையால், ஒருபுறம் மேகம் தவழும் வனமும் மறுபுறம் நீல சமுத்திரமும் துணைவர, சுமார் 20 கிலோமீட்டர் வளைந்து செல்லும் ஹாய்வான் கணவாய் வழியாகவே செல்லுங்கள். பிறகு, அதே பயணத்தில் ஹனோய்க்கும் செல்லுங்கள்! வெள்ளிக்கு ஒரு வீதி, பட்டுக்கு ஒரு வீதி, காகித விளக்குகளுக்கு ஒரு வீதி என்று விளங்கும் அப்பழைய நகரத்தில், நடைபாதையில் குட்டி பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து ஆவி பறக்கும் ஃபோ என்னும் நூடுல்ஸ் சூப்பை உண்பது பரமானந்தம். வீதியைக் கடக்கையில் மட்டும், ஓடாமலும் நில்லாமலும் ஒரே சீராக நடந்தால், மோட்டார்சைக்கிள் பிரவாகம் தானே விலகிச் செல்லும்; தயங்குகிறவரைத்தான் அதற்குக் கணிக்கத் தெரியாது.