ஆம்பூர் வீகன்

வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டிய தோல் ஊர்களில், ஆண்டுதோறும் பங்குனிக் கடைசியில் அடுப்பங்கரையில் தென்படுபவர் ஆம்பூர் வீகன். வயது பெரும்பாலும் இருபத்தைந்தை ஒட்டி இருக்கும். தாத்தா பதனிட்ட தோலிலும் அப்பா ஏற்றுமதி செய்த ஷூ அப்பரிலும் வந்த காசில் பெங்களூருக்கோ லெஸ்டருக்கோ படிக்கப் போய், பால், முட்டை, தேன், தோல் எதுவும் வேண்டாம் என்ற முடிவோடு திரும்பியவர். காலில் கேன்வாஸ் ஷூ. ஸ்டேஷனிலிருந்து அழைத்து வந்த அப்பாவின் காரில் இருக்கை உறை தோல். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை.

வீட்டில் பெரிய எதிர்ப்பு ஒன்றும் இல்லை. ஆவாரம் பட்டை, கடுக்காய் போட்டுத் தோலை ஊறவைக்கும் பழைய முறைக்குத் தொழிலில் வெஜிடபிள் டானிங் என்று பெயர். “நம்ம சரக்கும் வெஜிடபிள்தானே” என்கிறார் அப்பா. ஊறியது எது என்ற கேள்வி எழுவதற்குள் அவருக்கு போன் வந்துவிடுகிறது.

சோதனை ஞாயிற்றுக்கிழமை மதியம். சீரகச் சம்பா பிரியாணியின் தம் உடைக்கும்போது இவர் தட்டில் கத்தரிக்காய்த் தொக்கு மட்டும் விழுகிறது. குஸ்கா சாப்பிடலாமா என்பது இந்த வகையினரிடையே தீராத வழக்கு. அதில் கறித்துண்டு இல்லையே என்பது ஒரு கட்சி. கறி வெந்த தேக்சாவில்தானே அந்த அரிசியும் வெந்தது என்பது மறு கட்சி. பசி மிகுந்த நாட்களில் முதல் கட்சி ஜெயிக்கிறது.

பங்குனிக் கடைசியில் இவர் அடுப்பங்கரைக்கு வருவது பிஸ்கட் சுட. வசந்தம் வந்ததை இப்படிக் கொண்டாட வேண்டும் என்ற எண்ணம் பனி உருகும் நாடுகளிலிருந்து வந்தது, செய்முறையும் அங்கிருந்தே. பாலாற்றில் பனி கிடக்கட்டும், தண்ணீரே அரிது. இங்கே வேம்பும் புங்கனும் பூப்பதுதான் அடையாளம். சித்திரையும் வைகாசியும் பஞ்சாங்கப்படி இளவேனில், வேலூர்க்காரர் முதுகுப்படி அக்னி. வெளியே 40 டிகிரி கொளுத்தும்போது உள்ளே இவர் 180 டிகிரிக்கு ஓவனைச் சூடேற்றுகிறார்.

அறை வெப்பத்தில் கெட்டியாக இருக்கும் தேங்காய் எண்ணெய் வேண்டும் என்கிறது செய்முறை. அது 24 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். சித்திரையில் அப்படியொரு அறை ஆம்பூர் வீட்டில் ஃப்ரிட்ஜ் ஒன்றுதான். எண்ணெய்க் கிண்ணம் அங்கே கறிப் பொட்டலத்தின் பக்கத்தில் போய் உட்காருகிறது. தனித் தட்டு ஒதுக்கும்படி இவர் வைக்கும் கோரிக்கை ஒவ்வோர் ஆண்டும் பரிசீலனையில் இருக்கிறது.

முட்டைக்குப் பதிலாக ஒரு கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று கரண்டி தண்ணீரில் ஊறவைத்தால் வழவழவென்று வருகிறது. அதைப் பார்க்கும் பாட்டி அன்று பிஸ்கட் பக்கமே வருவதில்லை. வெள்ளைச் சர்க்கரை மீதும் இவருக்குச் சந்தேகம். மேலைநாட்டு ஆலைகள் சிலவற்றில் எலும்புக்கரி கொண்டு சர்க்கரையை வெளுப்பதுண்டு. இந்திய ஆலைகளில் பெரும்பாலானவை கந்தகப் புகையைத்தான் பயன்படுத்துகின்றன, அம்முண்டி ஆலை பக்கத்தில்தான் இருக்கிறது, போய்க் கேட்டு வரலாம் என்று சித்தப்பா சொல்லிப் பார்க்கிறார். கடைசியில் வெல்லமே வெல்கிறது.

வெந்து வந்ததைத் தட்டில் வைத்துத் தெருவுக்குக் கொடுத்தால், “யாருக்கு சுகர்?” என்று கேட்கிறார் பக்கத்து வீட்டு அத்தை. அவர் மீது குற்றமில்லை. 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய கிளினிக் சி.எம்.சி. மருத்துவமனையாக வளர்ந்து, வேலூர்ச் சுற்றுவட்டாரத்துக்கே பத்தியம் பழக்கிவிட்டது. வெண்ணெய் இல்லாத, இனிப்பு குறைந்த பண்டம் எதுவானாலும் டாக்டர் சொல்லித்தான் செய்திருப்பார்கள்.

இத்தனை பாடும் தேவையா என்றால், தெருமுனை டீக்கடை ஜாடியைப் பார்க்க வேண்டும். அதிலுள்ள பிஸ்கட்டில் பல, ஒரு கொள்கையும் இல்லாமலே வீகன்: மைதா, சர்க்கரை, வனஸ்பதி. 1937இல் சந்தைக்கு வந்த டால்டா, வெண்ணெயைவிட மலிவு என்ற ஒரே காரணத்தால் இந்தச் சீர்திருத்தத்தைச் செய்து முடித்துவிட்டது. வீகன் உணவுக்கான மத்திய அரசின் விதிமுறைகளும் பச்சை முத்திரையும் 2022இல்தான் வந்தன. ஆனால் “இதில் பால், வெண்ணெய் உண்டா?” என்று இவர் கேட்டதும் கடைக்காரர் கலப்படப் புகார் என்று நினைத்துக்கொண்டு, “சுத்தமான வெண்ணெய் சார், சத்தியமா” என்கிறார். இருவருக்கும் நஷ்டம்.

மிஞ்சிய டப்பா அப்பாவின் ஆபீசுக்குப் போகிறது. அங்கே வரும் ஜெர்மன் பையர் இரண்டைத் தின்றுவிட்டு, தோல் இல்லாத ஷூவும் செய்வீர்களா என்று விசாரிக்கிறார். பனப்பாக்கத்தில் தோல் அல்லாத காலணிக்கென்றே தைவான் நிறுவனம் ஒன்று 1,500 கோடி ரூபாயில் ஆலை கட்ட 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டியதிலிருந்து அப்பாவுக்கும் இதே யோசனைதான். மறுவாரம் இன்னும் இரண்டு டப்பா சுடச் சொல்கிறார், வெல்லத்தைக் கொஞ்சம் கூட்டி. ஆளிவிதைச் செலவு கம்பெனிக் கணக்கில் சாம்பிள் செலவாக ஏறுகிறது.