பேனை எடுத்ததும் பாட்டை நிறுத்து

கேள்வி: கட்டுரைப் பாடவேளையில் பாட்டுப் போட்டால் பிள்ளைகள் உற்சாகமாக எழுதுவார்களா?
– தமிழாசிரியை, களுவாஞ்சிக்குடி

பதில்: உற்சாகம் நிச்சயம். எழுத்துத்தான் சந்தேகம். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களைப் பாட்டோடும் பாட்டில்லாமலும் கணினியில் கட்டுரை எழுதவைத்துப் பார்த்த ஆய்வொன்று 2001இல் வெளிவந்தது. பின்னணியில் இசை ஓடியபோது எழுதும் வேகம் குறைந்துவிட்டது. வரியே இல்லாத வாத்திய இசைக்கும் அதே கதிதான். ஆகவே எழுதுமுன் போடுங்கள்; பேனை எடுத்ததும் நிறுத்துங்கள். வகுப்பே “டீச்சர்...” என்று இழுக்கும். அந்த ஏக்கத்தோடு கொப்பியைத் திறக்கட்டும்.

கேள்வி: மொஸார்ட்டின் இசை கேட்டால் மூளை வளருமாமே?
– ஒரு தகப்பன், புளியந்தீவு

பதில்: 1993இல் 36 கல்லூரி மாணவர்களுக்கு அவருடைய பியானோ இசையைப் பத்து நிமிடம் போட்டுக் காட்டினார்கள். வடிவங்களை மனத்தில் மடித்துப் பார்க்கும் சோதனையில் புள்ளி கொஞ்சம் கூடியது. கால்மணி நேரத்துக்குள் அதுவும் இறங்கிவிட்டது. அங்கே யாரும் கட்டுரை எழுதவில்லை. ஆனாலும் 1998இல் ஜோர்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் பிள்ளைக்கெல்லாம் இசைத்தட்டுக் கொடுக்க அரசுப் பணம் கேட்டார். நம்மூர் ஆச்சிமார் தாலாட்டுக்கு இதுவரை பில் அனுப்பவில்லை.

கேள்வி: எங்கள் பள்ளிக்கூடத்து மல்டிமீடியா அதிபரின் அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. என்ன செய்வது?
– ஆசிரியர், வவுணதீவு

பதில்: கிடக்கட்டும். பூட்டி வைத்தது பழுதாகாது என்பது அதிபர்மாரின் அசையாத நம்பிக்கை. அது இல்லாமலும் வழியுண்டு. இலங்கை வானொலியின் ‘இசையும் கதையும்’ நினைவிருக்கிறதா? நேயர் ஒரு கதை எழுதுவார். திருப்பங்களுக்கு ஏற்ற சினிமாப் பாடல்களையும் அவரே குறித்துத் தபாலில் போடுவார். அறிவிப்பாளர் வாசிக்க, இடையிடையே பாடல் வரும். காதலர் பிரிந்தால் ஒரு பாட்டு, சேர்ந்தால் ஒரு பாட்டு, பெரும்பாலும் சேர்வதில்லை. முத்திரைச் செலவில் நடந்த எழுத்துப் பட்டறை அது.

அதையே வகுப்பில் செய்யுங்கள். மூன்று பாட்டுக் கொடுத்து, இடையில் கதை எழுதச் சொல்லுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: பாட்டில் வரும் சொல் கதையில் வரக்கூடாது. பாட்டு அழுதுவிட்டால் கதை வேறேதாவது செய்தாக வேண்டும். மறுகா, எழுதியவரையே வாசிக்கவைத்துப் போனில் பதிந்து போட்டுக் காட்டுங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தைச் சிவப்புப் பேனை காட்டுவதைவிடச் சொந்தக் குரல் நன்றாகக் காட்டும்.

கேள்வி: பாடுமீனைப் பற்றி எழுதச் சொன்னால் நாற்பது கொப்பியிலும் ஒரே கட்டுரை!
– தரம் 8 ஆசிரியர், கல்லடி

பதில்: நாற்பது பேரும் கேட்டது மீனை அல்ல, போன வருட வினாவிடைப் புத்தகத்தை. குடியேற்றச் செயலாளர் எமர்சன் ரெனன்ற் 1848இல் மட்டக்களப்பு வாவியில் இரவில் தோணி ஏறினார். தோணிப் பலகையில் காதை வைத்துக் கேட்டார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் ஒலிபோல என்று எழுதினார். ‘ஊரி’ என்ற நத்தை கத்துகிறது என்று மீனவர்கள் சொன்னதையும் சேர்த்துக்கொண்டார். 1859இல் புத்தகமாக வந்தது. இன்றும் எல்லோரும் அதைத்தான் எடுத்துக்காட்டுகிறோம். காதுக்கு எட்டியதைக் கைக்கு எட்டும் பொருளால் சொன்னதுதான் அவருடைய கெட்டித்தனம்.

நீங்களும் பெற்றோரின் கடிதம், உயிர்காப்பு அங்கி சகிதம், காற்றடங்கிய பறுவ நாளில் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரிலும் மறுமுனையைக் காதிலும் வைக்கட்டும். மீன் பாடாவிட்டால் மிக நல்லது. பாலத்தில் போன மோட்டார் சைக்கிள், கரையில் குரைத்த நாய், பக்கத்தில் நின்றவனின் கொட்டாவி என்று கேட்டதையெல்லாம் எழுதட்டும். நாற்பது கட்டுரை கிடைக்கும்.

கேள்வி: கூத்துக்கும் கட்டுரைக்கும் என்ன தொடர்பு?
– வாசகர், பழுகாமம்

பதில்: கூத்தில் ராசாவானாலும் சேவகனானாலும் களரிக்கு வந்ததும் தான் யாரென்று தரு என்னும் பாட்டில் சொல்வது வழக்கம். ‘நான்’ என்று ஐந்து வரி எழுதத் திணறும் பிள்ளையிடம், வீட்டு ஆட்டுக்கு ஒரு வரவுத்தரு கட்டச் சொல்லிப் பாருங்கள். பக்கத்து வாங்கில் தாளம் போட ஆள் தானாக வரும்.

கேள்வி: விபுலாநந்தர் இன்றிருந்தால் யூடியூப் சனல் வைத்திருப்பாரா?
– உயர்தர மாணவன், ஆரையம்பதி

பதில்: வைத்திருப்பார். விஞ்ஞானமும் கணிதமும் படித்த துறவி அல்லவா? யாழின் சுரங்களையே கணக்குப் போட்டு நிறுவியவர். ஆனால் ‘யாழ் நூல்’ 1947 ஜூனில் அரங்கேறியது பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு. அடுத்த மாதம் அவர் காலமானார். அந்த வேகத்தில் வீடியோ போட்டால் லைக் எங்கே விழும்?

கேள்வி: ஹெட்போன் போட்டால்தான் எனக்கு எழுத வரும். உம்மா ஏசுகிறா. யார் சரி?
– தரம் 11 மாணவி, காத்தான்குடி

பதில்: உம்மாவுக்கு முழு நியாயம், உங்களுக்கு அரை நியாயம். பாட்டு மேசைவரை கூட்டிவந்து உட்காரவைக்கிறது என்பது உங்கள் அரை. பரீட்சை மண்டபத்தில் ஹெட்போனைக் கழற்றச் சொல்வார்கள் என்பது உம்மாவின் முழு. இன்று முதல் எழுதும் நேரத்துக்கு மட்டும் அதைக் கழற்றி உம்மாவிடமே கொடுத்துவிடுங்கள். கொஞ்ச நேரம் அவவும் பாட்டுக் கேட்கட்டும்.