பாஸ்வேர்டு பெரியப்பா

ஓஎம்ஆர் சாலையில் எந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் ஏதாவது ஒரு மாடியில், ஏசி காற்று நேராக மேலே விழாத மூலையில், இவர் உட்கார்ந்திருப்பார். வயது ஐம்பதை எட்டிப் பார்க்கும். கூட வேலைக்குச் சேர்ந்தவர்கள் மேனேஜராகி, டைரக்டராகி, சிலர் அமெரிக்காவில் பேரன் பேத்தியும் எடுத்துவிட்டார்கள். இவர் இன்னும் சி மொழியில் கோடு எழுதிக்கொண்டிருக்கிறார். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும். மேஜையில் மவுஸ் உண்டு. காகிதம் பறக்காமல் இருக்க அதை மேலே வைத்திருப்பார்.

நேரில் எல்லோருக்கும் இவர் ‘சார்’. காபி எடுக்க எழுந்து போனதும் ‘பாஸ்வேர்டு பெரியப்பா’. யூனிக்ஸ் வழி வந்த கணினிகளில் யார் யார் பயனர், யாருக்கு எது வீட்டு டைரக்டரி என்று எழுதி வைக்கும் பதிவேடு ஒன்று உண்டு. /ஈடிசி/பாஸ்வேர்டு என்று அதற்குப் பெயர். உள்ளே பாஸ்வேர்டு கிடையாது. அது ஷேடோ கோப்புக்குக் குடிபோய்ப் பல காலமாகிறது. அது இருந்த இடத்தில் ஒரு எக்ஸ் குறி மட்டும் நிற்கிறது. அந்தப் பதிவேட்டின் மேல் பெரியப்பாவுக்கு இருக்கும் பாசம், சொந்தப் பாஸ்புக்கின் மேல்கூட இல்லை என்பார்கள்.

அவருடைய ஆயுதம் ஒரே சொல்தான்: “இல்லேன்னா?”

புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் கோடு ரிவ்யூவுக்கு வருகிறான் என்று வையுங்கள். பயனருடைய வீட்டு டைரக்டரியில் ஒரு செட்டிங்ஸ் கோப்பை வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. கெட்என்வ் ஃபங்ஷனைக் கூப்பிட்டு ‘ஹோம்’ என்று கேட்டு, வந்த விடையோடு கோப்பின் பெயரை ஒட்டிவிட்டான். ஒரே வரி.

“சார், என் மெஷின்ல ஓடுது.”

“ஓடும் தம்பி. நீ லாகின் பண்ணியிருக்கே. லாகின் பண்றப்பவே சிஸ்டம் உன் விலாசத்தை ஹோம்னு எழுதி உன் கையில குடுத்துடுது. மெஷின் பூட் ஆகறப்ப சிஸ்டம்டி தானா கிளப்பிவிடுற சர்வீஸுக்கு யார் எழுதித் தருவா? ஹோம் இல்லேன்னா?”

“நல் வரும் சார்.”

“வந்தா?”

“அதைக் கொண்டுபோய் ஸ்ட்ரிங்க்ல ஒட்டறப்ப...” பையன் பாதியிலேயே நிறுத்தி, செக்மென்டேஷன் ஃபால்ட் என்பதை எச்சிலோடு சேர்த்து விழுங்குவான்.

“சரி, ஹோம் இருக்கு. அது உன் வீடு இல்லேன்னா?”

இந்த இரண்டாவது கேள்விதான் அவருடைய முத்திரை. ஹோம் என்பது வெறும் சூழல் மாறி. யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். சுடோ போட்டு ரூட்டாக ஒரு புரோகிராமை ஓட்டினால், அமைப்பைப் பொறுத்து, ஹோம் பழைய ஆளின் (குமார் என்று வையுங்கள்) விலாசத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அதை நம்பிய புரோகிராம் குமாருடைய வீட்டுக்குள் ரூட்டின் பெயரில் ஒரு கோப்பை எழுதிவிட்டுப் போகும். மறுநாள் குமார் வந்து தன் சொந்த வீட்டில் தன் சொந்த செட்டிங்ஸைத் திருத்தப் போனால் ‘பெர்மிஷன் டினைடு’ என்று வரும். பெரியப்பா இதைச் சொல்லும்போது, அந்தக் குமார் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி மகன் போல முகம் வாடும்.

புதுப் பையன்களை அவர் மன்னித்துவிடுவார். அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏற்றுவது மூன்று வருட அனுபவசாலிகள். ‘ஹோமை நம்பாதே’ என்பது வரை காதில் வாங்கி, மிச்சத்தைக் கேட்காமல் எழுந்து போன கூட்டம் அது. இவர்கள் நேராகப் பதிவேட்டுக் கோப்பைத் திறந்து, வரிவரியாகப் படித்து, ஸ்ட்ர்டோக் ஃபங்ஷனால் முக்காற்புள்ளி கண்ட இடமெல்லாம் வெட்டி, ஆறாவது துண்டு வீடு என்று எடுத்துக்கொள்வார்கள். பதிவேட்டில் வரிக்கு ஏழு கட்டங்கள்: பெயர், எக்ஸ் குறி, பயனர் எண், குழு எண், ஆளைப் பற்றிய குறிப்பு, வீடு, ஷெல். கணக்கென்னவோ சரிதான்.

பெரியப்பா ஒன்றும் சொல்லமாட்டார். விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, குறிப்புக் கட்டம் காலியாக இருக்கும்படி செல்வி என்று ஒரு புதிய பயனரைச் சேர்ப்பார். புரோகிராமை ஓட்டுவார். செல்வியின் வீடு /பின்/பேஷ் என்று வரும்.

“ஏம்ப்பா, இந்தப் பொண்ணு ஷெல்லுக்குள்ளயா குடியிருக்கா?”

அடுத்தடுத்து இரண்டு முக்காற்புள்ளி வந்தால் ஸ்ட்ர்டோக் இரண்டையும் ஒன்றாக விழுங்கிவிடும். காலிக் கட்டம் காணாமல் போய், ஆறாவது துண்டு இருக்க வேண்டிய இடத்துக்கு ஏழாவது வந்து உட்காரும். அனுபவசாலி தலையைச் சொறிந்துகொண்டே, “அதைச் சரி பண்ணிடறேன் சார்” என்பான். “பண்ணு. ஆளு இந்த ஃபைல்லயே இல்லேன்னா?” பெரிய அலுவலகங்களில் பயனர் பட்டியல் எல்டாப் சர்வரில் இருக்கும். மேக் கணினியிலோ அந்தக் கோப்பு பெரும்பாலும் காட்சிக்குத்தான். உண்மையான பட்டியல் ஓப்பன் டைரக்டரியில் இருக்கிறது. பதிவேடு எங்கே இருக்கிறது என்று தேடுவது உன் வேலை இல்லை, கெட்பிடபிள்யூநாம் என்று அதற்கென்றே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, லினக்ஸில் அது என்எஸ்ஸ்விட்ச் கோப்பைப் பார்த்து எங்கே கேட்க வேண்டுமோ அங்கே கேட்டு வரும் என்று ஒரு பாடம் நடக்கும்.

பாடம் முடிந்து அவன் அந்த ஃபங்ஷனையே போட்டுக்கொண்டு வந்தாலும் விடுதலை கிடையாது. குமாரின் விவரத்தை ஒரு பாயிண்டரில் வாங்குவான், செல்வியின் விவரத்தை இன்னொன்றில் வாங்குவான், இரண்டு வீட்டையும் அச்சிடுவான். இரண்டுமே செல்வி வீடாக வரும். ஃபங்ஷன் தன் விடையைத் தனக்குச் சொந்தமான ஒரே இடத்தில் எழுதிக் காட்டுகிறது. அடுத்து யார் கேட்டாலும் பழையதை அழித்து அங்கேதான் எழுதும். “படிச்சியா, உடனே உன் நோட்டுல காப்பி பண்ணிக்க. அதை ஃப்ரீ பண்ணவும் கூடாது, அது உன் சொத்து இல்லை” என்பார். பல த்ரெட்டுகள் ஓடும் புரோகிராம் என்றால் வாலில் ‘ஆர்’ போட்ட ஃபங்ஷனுக்கு மாறச் சொல்வார். அதற்கு நாமே பஃபர் கொடுக்க வேண்டும். எத்தனை பைட் என்று சிஸ்கான்ஃபைக் கேட்டால், சில சிஸ்டங்களில் -1 என்று பதில் வரும். வரையறை இல்லை என்று அர்த்தம். அந்த -1-ஐ அப்படியே மாலக்கிடம் கொடுத்து உலகத்து மெமரியை எல்லாம் கேட்டவனின் கோடு, பயிற்சி வகுப்பில் இன்றைக்கும் பெயர் சொல்லாமல் காட்டப்படுகிறது.

பொழுது போகாத பிற்பகல்களில் பெரியப்பா பதிவேட்டை உரக்க வாசிப்பதும் உண்டு. அவருக்கு அது ஊர் வம்பு. டெபியன் லினக்ஸில் ‘கேம்ஸ்’ என்றொரு பயனர், வீடு /யூஎஸ்ஆர்/கேம்ஸ். ‘மேன்’ என்பவருக்கு /வார்/கேஷ்/மேன். ‘நோபடி’ என்பவருக்கு எண் 65534, வீடு ‘/நான்எக்ஸிஸ்டென்ட்’. அதாவது யாருமில்லாதவர், இல்லாத ஊரில், உள்ளே நுழைய முடியாத ஷெல்லோடு வசிக்கிறார். “இதைவிடச் சுத்தமான வேதாந்தம் எந்த மடத்துல கிடைக்கும்?” என்று கேட்டுவிட்டுத் தானே சிரிப்பார்.

வரலாற்றையும் இடையில் நுழைத்துவிடுவார். 1971-இல் வந்த யூனிக்ஸ் முதல் பதிப்புக் கையேட்டிலேயே பதிவேட்டில் வீட்டுக்கென்று கட்டம் இருக்கிறது. ஹோம் போன்ற சூழல் மாறிகள் வந்ததோ 1979-இல், ஏழாம் பதிப்போடு. “எட்டு வருஷம் சீனியர்” என்பார், இன்க்ரிமென்ட் தகராறில் பேசுகிற தொனியில். ஆளைப் பற்றிய குறிப்புக் கட்டத்துக்கு ஜீகாஸ் என்று பெயர் வந்த கதை தனி. பெல் லேப்ஸில் அச்சு வேலைகளை ஜீகாஸ் என்ற இயங்குதளம் ஓடிய பெரிய கணினிக்கு அனுப்புவார்கள். அங்கே காட்ட வேண்டிய அடையாளத்தை இந்தக் கட்டத்தில் குறித்து வைத்தார்கள். அந்தக் கணினி போய்ச் சேர்ந்த பிறகும் பெயர் மட்டும் கட்டத்தை விட்டுப் போகவில்லை. டென்னிஸ் ரிச்சியின் வீடு /யூஎஸ்ஆர்/டிஎம்ஆர் என்று இருந்த காலத்தைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். யூஎஸ்ஆரில் அன்றைக்கு மனிதர்கள் குடியிருந்தார்கள். இன்றைக்கு அங்கே புரோகிராம்கள் மட்டும்தான்.

இவ்வளவு நிதானமான மனிதர் ஓடி யாராவது பார்த்திருக்கிறார்களா? ஒருமுறை ஓடினார். டில்டே என்ற நெளிகோடுதான் காரணம். வீட்டைக் குறிக்க அந்தக் கோடு வந்ததே, 1976-இல் வெளியான ஏடிஎம்-3ஏ டெர்மினலில் டில்டேயும் ஹோமும் ஒரே விசையில் இருந்ததால்தான். ஆனால் அதைப் புரிந்துகொண்டு விரித்துத் தருவது ஷெல். சி மொழியின் ஃபைல் திறக்கும் ஃபங்ஷனுக்கு அது வெறும் எழுத்து. இது தெரியாத பெண் ஒருத்தி, கோப்பு திறக்கவில்லையே என்று, டைரக்டரி இல்லாவிட்டால் உருவாக்கு என்று ஒரு வரி சேர்த்துவிட்டாள். சிஸ்டமும் சொன்னபடி, அவள் நின்ற இடத்திலேயே ‘~’ என்ற பெயரில் ஒரு டைரக்டரியை உருவாக்கித் தந்தது. அந்தக் குப்பையைத் துடைக்க ‘ஆர்எம்’ கட்டளையை அடித்து, ‘-ஆர்எஃப்’ சேர்த்து, நெளிகோட்டையும் போட்டாள். என்டர் மட்டும் பாக்கி.

“கையை எடும்மா!”

மாடியே திரும்பிப் பார்த்தது. என்டர் விழுந்திருந்தால் ஷெல் அந்தக் கோட்டை விரித்து, அவளுடைய நிஜ வீட்டையே தரைமட்டமாக்கியிருக்கும். பெரியப்பா மூச்சு வாங்கியபடி நெளிகோட்டுக்கு முன்னால் ஒரு புள்ளியும் ஒரு சாய்கோடும் சேர்த்தார். “இப்ப அடி.” குப்பை மட்டும் போயிற்று. அன்றிலிருந்து அந்தப் பெண் முன்னிலையில் யாரும் ‘பாஸ்வேர்டு பெரியப்பா’ என்று சொல்ல முடிவதில்லை.

கன்டெய்னர் காலம் வந்தபோது பெரியப்பா ஆட்டம் கண்டிருப்பார் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். கன்டெய்னருக்குள் புரோகிராம் ஏதோ ஒரு எண்ணைப் பயனர் எண்ணாகக் கொண்டு ஓடும். பதிவேட்டில் அந்த எண்ணுக்கு வரியே இருக்காது. எண்ணை வைத்துத் தேடும் கெட்பிடபிள்யூயூஐடி ஃபங்ஷன் கைவிரித்துவிடும், ஹோம் என்று கேட்டால் வெறும் சாய்கோடு வரும், ஊரே உன் வீடுதான் என்கிற மாதிரி. பெரியப்பா அசரவில்லை. “நான் இத்தனை வருஷமா இல்லேன்னா இல்லேன்னானு கேட்டதெல்லாம் எதுக்குன்னு நெனைச்சீங்க?” என்றார்.

அவர் ஹோமுக்கு எதிரி என்று நினைப்பவர்கள் அவரைச் சரியாகப் படிக்காதவர்கள். லினக்ஸின் மேன் பேஜே, ஒரு புரோகிராம் தன் பயனரின் வீட்டை அறிய முதலில் ஹோமைத்தான் பார்க்க வேண்டும் என்கிறது. அப்போதுதான் பயனர் தன் வீடு எது என்பதைத் தானே மாற்றிக்கொள்ள முடியும். அடுத்தவர் வீடு வேண்டுமென்றால்தான் நேரே பதிவேட்டுக்குப் போக வேண்டும். ரேஷன் கார்டில் இருக்கிற விலாசமும் ஆள் குடியிருக்கிற விலாசமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன?

ஆகவே பெரியப்பாவின் விதி மூன்று படி. முதலில் ஆளைக் கேள். பதில் வராவிட்டால் பதிவேட்டைப் பார். பதிவேட்டிலும் இல்லாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு நில். நீயாக ஒரு வீட்டைக் கற்பனை பண்ணாதே. இந்த மூன்றாவது படியில்தான் பலர் வழுக்குகிறார்கள். ‘இல்லாவிட்டால் /டிஎம்பி’ என்று எழுதிக்கொண்டு வருவார்கள். டிஎம்பி யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய பொது இடம். உன் செட்டிங்ஸ் என்று நீ அங்கே எடுப்பது வேறொருவன் உனக்காகவே எழுதி வைத்ததாக இருக்கலாம். டிஎம்பியைக் கண்டால் பெரியப்பா ரிவ்யூவையே மூடிவிட்டுக் காபிக்குப் போய்விடுவார்.

போன வருடம் அவருடைய இருபதாண்டு சேவைக்கு நிறுவனம் ஒரு வெள்ளிக் குத்துவிளக்கு அனுப்பியது. அது நங்கநல்லூரில் அவர் எப்போதோ காலி செய்துவிட்டு வந்த வாடகை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது; இப்போது அங்கே குடியிருப்பவர் கையெழுத்துப் போட்டு வாங்கி, பூஜையறையில் ஏற்றியும் வைத்துவிட்டார். பெரியப்பா எச்ஆர் மேஜைக்குப் படையெடுத்தார். இன்றைக்கு ஒரு ரிவ்யூ இருக்கிறது என்று மாடி முழுக்கக் காது தீட்டியது.

“விலாசம் தப்பா இருக்கேம்மா. ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமில்ல?”

“கேட்டோம் சார். மூணு மெயில் போட்டோம். பதில் வரலை.”

“அப்புறம்?”

“பதில் வரலைன்னதும் ரெக்கார்டுல இருந்த அட்ரஸைப் பார்த்தோம் சார்.”

பெரியப்பா வாயைத் திறந்தார். மூடினார். அவருடைய இன்பாக்ஸில் படிக்காத மெயில்கள் நாலாயிரத்துச் சொச்சம் என்பது எல்லோருக்கும் தெரியும். மேன் பேஜ் தவிர வேறெதையும் அவர் முழுதாகப் படிப்பதில்லை. சற்று நேரம் மேஜையையே பார்த்துவிட்டு, “ரெக்கார்டுலயும் இல்லேன்னா என்ன பண்ணியிருப்பீங்க?” என்று கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

“அனுப்பாம நிறுத்தி வெச்சிருப்போம் சார்.”

பெரியப்பா, “அப்ரூவ்டு” என்று சொல்லிவிட்டு, விலாசம் மாற்றும் படிவத்தைக் கேட்டு வாங்கி அங்கேயே நின்று நிரப்பினார்.